எதிரில் நிற்பவர் கேட்ட கேள்வி

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு ஸ்பெஷல் நாடகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டுவிடும். அதற்காக அச்சடிக்கும் நோட்டீஸைப் பார்த்தாலே அந்தக் கலையின் அதிசயம் பிடிபட்டுவிடும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே அவரவர் ஊர்ப்பெயர். இவர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும் ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியாக வருபவரும் நாரதராக வருபவரும் அன்று சாயங்காலம்தான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூடும்.

ஆனாலும் நள்ளிரவு தாண்டியதும் தினைப்புனத்தில் ஒரு வள்ளி நிற்கிறாள். ஆலோலம் பாடிக் கிளிகளை விரட்டுகிறாள். நாரதர் வருகிறார், கேட்கிறார். ஏனம்மா காட்டில் தனியாக நிற்கிறாய், இந்த வயதில் காவல் வேலை எதற்கு, கல்யாணம் வேண்டாமா, வேண்டாமென்றால் ஏன் வேண்டாம்? வள்ளி பதில் சொல்கிறாள். அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி. மணிக்கணக்கில் நீளக்கூடிய இந்தப் பகுதிக்குத் தர்க்கம் என்று பெயர். பாட்டுகள் எழுதிவைத்தவை. இடையில் ஓடும் பேச்சு பெரும்பாலும் அந்த நேரத்தில் பிறப்பது. தர்க்கம் முடியும்போது மேடையில் நிற்கிற வள்ளிக்கு ஒரு தனிக் குணம் வந்திருக்கும். ஓர் இரவில் வாயாடியாக, இன்னோர் இரவில் எவரையும் எளிதில் நம்பாத தினைப்புனக் காவல்காரியாக, வேறோர் இரவில் தகப்பன் சொல்லைத் தட்டாத மகளாக. வள்ளி வேடம் கட்டியவர் ஒருவரே என்றாலும் நாரதர் மாறினால் வள்ளியும் மாறுகிறாள்.

ஒரு கதாபாத்திரம் எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் துலக்கமான விடை எனக்குத் தெரியாது. வேடம் கட்டியவரின் தலைக்குள் மட்டும் அது உருவாவதில்லை. எதிரில் நிற்பவர் கேட்கும்போது உருவாகிறது.

‘வள்ளி திருமண’த்தை இசை நாடகமாக வடித்துக் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி உழவர்கரைப் பகுதியில் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் வடக்கே காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அதன் தொடக்க ஆண்டுகளில் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்றிருந்தார்.

சுவாமிகளும் முதலில் நடிகர்தான். எமன், சனீசுவரன், இரணியன் என்று அவர் ஏற்றவை எல்லாம் உக்கிரமான வேடங்கள். அவருடைய எமனைப் பார்த்த அதிர்ச்சியில் கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதோடு அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் நாடகக்காரர்கள் சொல்லிவருகிறார்கள். அதன்பின் அவர் ஆசிரியரானார். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தார். 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு ஏற்றதாக ஒரு நாடகம் வேண்டுமென்று, ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்தார். முன்னால் நிற்கும் பையனின் குரலையும் உடலையும் பார்த்து, இவனுக்குள் எந்தப் பாத்திரம் வளரும் என்று கண்டுபிடித்து, அதற்கு இடம் செய்து கொடுப்பது அவருடைய வழக்கம். இந்தக் கட்டுரை பேச வந்த விஷயத்துக்கு அவரை மூத்த ஆசானாக வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கம்பெனிகள் கலைந்தன. அங்கே பயின்றவர்கள் தனித்தனி ‘ஸ்பெஷல்’ கலைஞர்களாக ஊர் ஊராகப் போனார்கள். எல்லோருக்கும் அதே பாட்டுகள், அதே கதைகள் மனப்பாடம். அந்தப் பொதுச்சொத்து இருந்ததால்தான், முன்பின் அறியாத இரண்டு பேர் மேடையில் நின்று விடியும்வரை பேச முடிந்தது. சட்டகம் உறுதியாக இருந்ததால் அதற்குள் ஓடிய பேச்சுக்குச் சுதந்திரம் கிடைத்தது.

இப்போது கடல் கடந்து வருவோம். 1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்றைத் தயாரித்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை இரண்டு படைகள் நெருங்குகின்றன. வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் கொடுக்கப் படை இல்லை. அதனால் ஒருவரை ஊரின் மேயர் என்றார், இன்னொருவரை வங்கிக்காரர் என்றார், மற்றொருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் என்றார். போர் தொடங்கவே இல்லை. ஆட வந்தவர்கள் மூலைக்கு மூலை ஒதுங்கி ஒருவரோடொருவர் பேசினார்கள், பேரம் நடத்தினார்கள், சதி செய்தார்கள், சண்டைக்கு அழைத்தார்கள். ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். இன்று உலகெங்கும் ஆடப்படும் மேசைப் பாத்திர விளையாட்டுகளுக்கு அதுவே மூலம்.

ஆடும் முறை எளிது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துபவர். காடு, ஊர், எதிரி, வானிலை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?” என்று நடத்துபவர் கேட்க, ஆடுபவர் தன் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்கிறார். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, முன்கூட்டி எழுதிய வசனம் இல்லை. ஆடுபவர்களே ஒருவருக்கொருவர் பார்வையாளர்கள்.

1974-இன் விதிப்படி ஒரு பாத்திரத்துக்கு வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, ஈர்ப்பு என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி 3 முதல் 18 வரை ஓர் எண். ஆறு எண்களும் தாளில் ஏறிவிட்டால் பாத்திரம் தயார் என்று கணக்கு. ஆனால் அந்த எண்களுக்குள் ஆள் இல்லை. அந்த ஆளுக்கு எதைக் கண்டால் பயம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எந்த ஊர்ச் சோறு அவருக்கு நாக்கில் நிற்கிறது என்று எந்தப் பகடையும் சொல்லாது. பல மேசைகளில் ஆட்டம் இந்த இடத்திலேயே நின்றுபோகிறது. வாய்ச் சாமர்த்தியம் உள்ள ஒருவர் தன் பாத்திரத்துக்குப் பக்கம் பக்கமாகப் பூர்வகதை எழுதி வருகிறார். கூச்சமுள்ளவர் “நான் வில்லாளி, அவ்வளவுதான்” என்று உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கூச்சக்காரருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைவிட, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக.

லாஸ்பேட்டையில் ஒரு மொட்டைமாடி என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர், பாய் விரித்து ஆடுகிறார்கள். வில்லாளியாக ஆடும் பெண் பேசவே இல்லை. நடத்துபவர் நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்: “உன் கேரக்டரப் பத்திக் கொஞ்சம் சொல்லேன்.” அவள் சிரித்து மழுப்புகிறாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதில் முகம் இன்னும் சிவக்கிறது. கேள்வி அன்பானதுதான். ஆனால் அதற்குள் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் பதில்களும் சரியான பதில்கள் என்பதால் ஒரு பதிலும் வாயில் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கதையில் இரவு, காட்டில் முகாம். வைத்தியர் வேடத்தில் இருக்கும் பையன், தன் பாத்திரத்தின் குரலிலேயே பேசுகிறான்: “ஏம்மா வில்லுக்காரி, ஒவ்வொரு அம்புலயும் சிவப்பு நூல் சுத்தி வெச்சிருக்கியே, யாருக்காக நேந்துக்கிட்டது?”

அவள் ஒரு நொடி நிற்கிறாள். “என் தம்பிக்கு.”

“தம்பி எங்க?”

“தெரியல. தேடிக்கிட்டுத்தான் உங்களோட வரேன்.”

அவ்வளவுதான். ஆறு எண்களாக இருந்தவள் ஆளாகிவிட்டாள். சிவப்பு நூலை அவள் நினைக்கவில்லை. அவன் கொண்டுவந்து வைத்தான். நேர்த்திக்கடன் உண்டு என்பதும் அவன் வைத்தது. யாருக்கு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டான். அந்தக் காலி இடத்தை அவள் நிரப்பினாள். அதற்குப் பின்னால் ஒரு தம்பி, ஒரு வீடு, ஒரு பிரிவு எல்லாம் வரிசையாக வந்தன. கைப்பம்பில் தண்ணீர் ஏற முதலில் ஒரு குவளை மேலிருந்து ஊற்றுவோமே, சிவப்பு நூல் அந்தக் குவளைத் தண்ணீர்.

இப்படிப்பட்ட கேள்விக்கு ஏன் இத்தனை சக்தி? முதல் காரணத்தை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வு காட்டுகிறது. 1974-இல் அவரும் ஜான் பால்மரும் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். படம் ஒன்றுதான். கேள்விக்குள் பொதிந்திருக்கும் தகவலை மனம் விசாரிக்காமலே உள்ளே எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றத்தில் இது பெரிய ஆபத்து. சாட்சியின் நினைவையே கேள்வி திரித்துவிடும். விளையாட்டு மேசையில் இதே குணம் வரமாகிறது. அங்கே திரிபட உண்மை எதுவும் இல்லை. நூல் இருக்கிறதா என்று அவள் யோசிக்கவில்லை. இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, யாருக்காக என்று மட்டும் யோசித்தாள்.

இரண்டாவது காரணம் நினைவாற்றலைச் சேர்ந்தது. 1978-இல் நார்மன் ஸ்லாமெக்காவும் பீட்டர் கிராஃபும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவினர் சொல் இணைகளை வாசித்தார்கள். இன்னொரு குழுவினருக்கு முதல் சொல்லும் இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தும் மட்டும் கொடுத்து, மீதியைத் தாமே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தாமே உண்டாக்கிய சொற்கள்தான் பின்னால் நன்றாக நினைவில் நின்றன. வேறு பலர் வேறு பல வகைகளில் செய்து பார்த்தபோதும் இதே முடிவு வந்திருக்கிறது. ஆகவே, உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு “உன் பாத்திரத்துக்கு ஒரு தம்பி இருந்தான்னு வெச்சுக்க, அவன் காணாமப் போயிட்டான்” என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரத்துக்குள் அந்தத் தம்பி மறந்துபோவான். அவளே சொன்ன தம்பி மறக்கமாட்டான். பூர்வகதையை எழுதிக் கொடுக்காதீர்கள், கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் என்னை மிகவும் வியக்க வைத்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும், நடிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினார்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கும் நடிகர் எப்படி நடிப்பார்? அவர்கள் கண்ட வழி, கேள்வி கேட்பது. 15 நடிகர்கள். ஆண்கள் ரோமியோ, பெண்கள் ஜூலியட். அழைப்பில்லாத விருந்துக்குப் போவாயா என்பது மாதிரியான கேள்விகள் வந்தன. சில தடவை தாங்களாகவே, சில தடவை ஒரு நண்பருடைய நிலையிலிருந்து, சில தடவை தாங்களாகவே இருந்தபடி பிரிட்டிஷ் உச்சரிப்பில், சில தடவை ரோமியோவாகவோ ஜூலியட்டாகவோ மனத்துக்குள் பதில் சொன்னார்கள்.

2019-இல் வெளியான முடிவு எதிர்பாராதது. பாத்திரமாகப் பதில் சொன்னபோது மூளை கூடுதலாக ஏதோ செய்யும் என்றுதான் நமக்குத் தோன்றும். நேர்மாறாக, தன்னைப் பற்றிய நினைப்போடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. உச்சரிப்பை மட்டும் மாற்றிப் பேசியபோதே கொஞ்சம் குறைவு தெரிந்தது. மூளையின் பின்பக்கம் நடுவில் இருக்கும் ஒரு பகுதி மட்டும் பாத்திர நிலையில் கூடுதலாக வேலை செய்தது. கவனம் ‘நான்’ என்றும் ‘அவன்’ என்றும் இரண்டாகப் பிரிவதன் அடையாளமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பதினைந்து பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு எல்லாவற்றையும் முடிவுகட்டிவிடாது. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நடிகர்களுக்கு உடை இல்லை, மேடை இல்லை, எழுதிய வசனமும் இல்லை. பாத்திரத்தை நோக்கி ஒரு கேள்வி மட்டும் வந்தது. அதுவே ‘நான்’ ஓரமாக ஒதுங்கப் போதுமானதாக இருந்தது.

மொட்டைமாடியில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். “உன் கேரக்டரப் பத்திச் சொல்லேன்” என்ற கேள்வி கூச்சப்பட்ட அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டது. “ஏம்மா வில்லுக்காரி” என்ற கேள்வி வில்லாளியைப் பார்த்துக் கேட்டது. முதல் கேள்விக்குக் கூச்சம் பதில் சொன்னது. இரண்டாவதற்கு வில்லாளி பதில் சொன்னாள்.

சின்னக் குழந்தைகளிடமே இதைப் பார்க்கலாம். ரேச்சல் ஒயிட்டும் ஸ்டெஃபனி கார்ல்சனும் மற்றவர்களும் நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேரிடம் சலிப்பூட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிடத்துக்குக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே கவனத்தை இழுக்கும் ஐபேட் விளையாட்டு. ‘நான் நன்றாக வேலை செய்கிறேனா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்ட குழந்தைகளைவிட, பேட்மேன் போன்ற ஒரு வேடமேற்று ‘பேட்மேன் நன்றாக வேலை செய்கிறானா?’ என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். 2017-இல் வெளியான ஆய்வு இது. இங்கேயும் பாத்திரத்தை எழுப்பியது, அதன் பெயரைச் சொல்லிக் கேட்ட கேள்வி.

எழுப்பிவிட்ட பாத்திரம் தன்பாட்டுக்கு நடக்கத் தொடங்குவதும் உண்டு. மார்ஜரி டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 50 புனைகதை எழுத்தாளர்களைச் சந்தித்துக் கேட்டபோது, தம் பாத்திரங்கள் தாமாகவே பேசுவதையும் முடிவெடுப்பதையும் ஏதோ ஓர் அளவில் உணர்ந்திருப்பதாக 92 சதவீதம் பேர் சொன்னார்கள். தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்த நிலை கூடிவரப் பல மாதங்கள் ஆகலாம். மேசையைச் சுற்றிக் கேள்வி கேட்க நாலு பேர் இருந்தால் ஒரே சாயங்காலத்தில் கூடுவதைக் காணலாம்.

சுவாமிகளின் சமாதி இருக்கும் கருவடிக்குப்பத்தில் நான் இன்னொருவரையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்த பாரதியார் ‘குயில் பாட்டு’க்குக் களமாகக் கொண்டது இந்தப் பக்கத்து மாந்தோப்பைத்தான் என்று புதுவைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் காவியத்தின் அமைப்பைப் பாருங்கள். கவிஞர் குயிலிடம் அதன் துயரம் என்னவென்று கேட்கிறார். குயில் சொல்லத் தொடங்குகிறது. கேட்கக் கேட்க அதற்குக் காதல் வருகிறது, முற்பிறவி வருகிறது, வேடர் தலைவன் மகளாக ஒரு பழைய பெயர்கூட வருகிறது. கேட்க ஒருவர் வராமல் போயிருந்தால் அது மரத்தில் கூவிய பறவைகளில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

கேள்வி கேட்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரத் தெருக்கூத்தில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து ராஜா பாடிக்கொண்டு வருவார். முன்னால் நிற்கும் கட்டியக்காரன், வருகிறவர் யார், எந்த நாடு, யார் மகன், வந்த காரியம் என்ன என்று கேட்பான். வருவது துரியோதனன் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் கேட்க வேண்டும். கேட்டால்தான் ராஜா தன் பெருமையைத் தன் வாயால் சொல்ல முடியும். கட்டியக்காரன் மேடையிலேயே தாழ்ந்த நிலைக்காரன். காவலாளி, வேலையாள், தூதன் எல்லாம் அவனே. அதனால் எதையும் கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. அவன் கேலி செய்தாலும் அந்தக் கேலி ராஜாவை இன்னும் ராஜாவாக்கும்.

இந்தப் பண்பை மேசைக்குக் கொண்டுவரலாம். உங்கள் பாத்திரம் பெரிய வீரனாகவே இருக்கட்டும். பக்கத்திலிருப்பவர் பேச வேண்டிய நேரத்தில் கொஞ்சம் தாழ்ந்துகொள்ளுங்கள். “எனக்கு இந்தக் காடு பயமா இருக்கு, நீ மட்டும் எப்பிடித் தூங்கற?” என்று வீரன் கேட்டால், கேட்கப்பட்டவள் அந்த நிமிடமே தைரியசாலி ஆகிறாள். அவள் எப்படித் தூங்குகிறாள் என்பதை அவளே சொல்லிக்கொள்வாள். மேலே நின்று விசாரிக்கும் கேள்வி ஆளைச் சுருக்கும். கீழேயிருந்து வியந்து கேட்கும் கேள்வி விரிக்கும்.

எதிர்த்துக் கேட்பதும் கொடைதான், எதிரே இருப்பவர் தாங்குவார் என்று தெரிந்தால். 1926-இல் கொழும்பில் கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் முதன்முதலாக ஒன்றாக மேடையேறினார்கள். நாடகம், ‘வள்ளி திருமணம்’. கிட்டப்பாவின் குரலுக்கு முன்னால் இந்தப் பெண் எப்படி நிற்பாள் என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தியவர்கள் உண்டு என்பார்கள். அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. மேடையில் அவர் ஈடுகொடுத்த விதத்தில்தான் இருவர் பெயரும் ஒன்றாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு திருமணமும் நடந்தது. வேலனின் பாட்டு எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரம் வள்ளியின் பாட்டும் போக வேண்டியிருந்தது. பலம் குறைந்த வேலன் வந்திருந்தால் அந்த வள்ளி அவ்வளவு உயர்ந்திருக்க மாட்டாள்.

ஆனால் மடக்கும் கேள்வி வேறு. தர்க்கத்தில் எதிராளியின் வாயை அடைத்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும், உண்மைதான். அதற்குப்பின் கதை நடக்காது. வள்ளி வாயடைத்து நின்றால் நாரதருக்கும் வேலையில்லை. மேசையில் இது இன்னும் மோசம். “நீ வைத்தியன்னு சொல்ற, இந்த மூலிகை பேரு தெரியுமா உனக்கு?” என்பது கேள்வியல்ல, பரீட்சை. நல்ல கேள்விக்குத் தப்பான பதில் என்று ஒன்று இருக்கவே கூடாது.

கேட்டபின் சும்மா இருப்பதும் கேட்பதில் பாதி. பத்து மொழிகளில் சாதாரண உரையாடல்களை அளந்த தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக ஐந்தில் ஒரு வினாடிதான் என்று 2009-இல் காட்டினார்கள். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு அரை வினாடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் கேள்வி முடியுமுன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அன்றாடப் பேச்சில் பழகிய இந்த வேகத்தால் இரண்டு வினாடி மௌனமே நமக்குத் தாங்கமுடியாமல் போகிறது. கேட்டவரே பதறிப்போய்ப் பதிலையும் சொல்லிவிடுகிறார். புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து சொல்ல வேண்டியவருக்கு ஐந்தில் ஒரு வினாடி எப்படிப் போதும்? ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும் நேரத்தில் ஸ்திரீபார்ட்டுக்கு மூச்சு கிடைத்துவிடுகிறது. மேசையில் ஆர்மோனியம் இல்லை. பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு, அவள் முகத்தைக் குறுகுறுவென்று பார்க்காமல், நாம்தான் அந்த நேரத்தை உண்டாக்கித் தர வேண்டும்.

சில இடங்களில் கேட்கவே கூடாது. பாத்திரத்தின் பதிலுக்குள் ஆடுபவரின் சொந்த வாழ்க்கை எப்போது வந்து கலக்கும் என்று வெளியிலிருப்பவருக்குத் தெரியாது. தம்பி என்று சொல்லும்போது குரல் மாறினால், அது வில்லாளியின் தம்பி மட்டும் இல்லாமல் இருக்கலாம். அப்போது சிவப்பு நூலை விட்டுவிட்டு அம்பின் கூர்மையைப் பற்றிப் பேசுவதே நட்பு. ஆட்டம் முடிந்து கீழே இறங்கும்போது “அந்தப் பேச்சு பரவாயில்லையா உனக்கு?” என்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தனியாகக் கேட்டுவிட வேண்டும். பதில் ‘வேண்டாம்’ என்றால் தம்பி கதையிலிருந்து போய்விடுவான், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

வேண்டும் என்றால், அந்தத் தம்பியை மற்றவர்கள் சுமக்க வேண்டும். கீத் ஜான்ஸ்டன் தன் ‘இம்ப்ரோ’ நூலில், 1979-இல் வந்தது அது, புதிது புதிதாக யோசிப்பதைவிட முன்னால் வந்துபோனதைத் திரும்ப எடுத்துச் சேர்ப்பதே கதை பின்னுவதன் உயிர் என்று வலியுறுத்தினார். ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு வரியை மூன்று வாரம் கழித்து இன்னொருவர் எடுத்து வைக்கிறார். நடத்துபவர், சந்தையில் ஒரு கடைக்காரன் மணிக்கட்டில் சிவப்பு நூல் இருப்பதாகச் சொல்கிறார். திருடன் வேடத்தில் ஆடுபவன், எங்கே போனாலும் முதலில் அந்த ஊர்ச் சிறையில் அடைபட்ட பையன்களின் பெயர்களை விசாரிக்கிறான், ஏன் என்று சொல்லாமல். தன் சொல்லை நாலு பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டபின் அந்தப் பெண் பேசத் தயங்குவதில்லை.

இதற்குத் தன் முறை இல்லாதபோதும் காது கொடுத்திருக்க வேண்டும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது முருகனாக வருபவர் வேடம் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் வள்ளி, கல்யாணமே வேண்டாம் என்றாளா, இன்னாரைத் தவிர வேறு ஆள் வேண்டாம் என்றாளா, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாளா என்பதை அவர் கேட்டிருக்க வேண்டும். அன்றிரவுக்கு அவள் சொன்னதுதான் கதை. வேடனாகி, ஓடிவந்த மானைக் கண்டாயா என்று அவர் தினைப்புனத்துக்குள் நுழையும்போது, நாரதரிடம் அவள் சொன்ன பதிலில் இருந்துதான் தன் முதல் கேள்வியை எடுக்க முடியும்.